தொடை வலியும் பால் கணக்குக் காலண்டரும்

நோயாளிக்கு வயது 57. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் போகும் பாதையை ஒட்டிய ஒரு மலைக்கிராமத்துக்காரர். ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரையும் ஒன்றிரண்டு குடும்ப விவரங்களையும் மட்டும் மறைத்திருக்கிறேன்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் கொழுப்பு மாத்திரையை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார், அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டார், மறுபடி எப்படி ஒரு வழிக்கு வந்தோம் என்பதுதான் விஷயம். இதே கதையோடு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். ஆனால் இவரிடம் ஒன்றைக் கண்டேன். முதல் தடவை வந்த வலி மாத்திரையால் வந்தது. இரண்டாம் தடவை வந்தது மாத்திரையால் வந்ததல்ல. ஒரே ஆள், அதே தொடை. இரண்டு தடவையும் அவர் பொய் சொல்லவில்லை.

இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

முன்கதை

2023 ஜூலையில் ஒரு விடிகாலை, தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சு இறுகியிருக்கிறது. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்திருக்கிறார். வேர்த்துக் கொட்டி, இடது கை கனத்த பிறகு ஜீப்பில் டவுனுக்குக் கொண்டுவந்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்ததுமே மாரடைப்பு என்று தெரிந்துவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

சர்க்கரை இல்லை. முப்பது வருடமாக பீடி குடித்தவர். மருத்துவமனையில் படுத்த அன்றோடு விட்டுவிட்டார், இன்றுவரை தொடவில்லை. அப்பா 54 வயதில் நெஞ்சடைத்து இறந்திருக்கிறார். அட்மிஷன் அன்று எடுத்த எல்.டி.எல்., அதாவது நாம் கெட்ட கொழுப்பு என்று சொல்வது, 158.

வீட்டுக்கு வரும்போது ஐந்து மாத்திரைகள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்குமாக மெட்டோபுரோலாலும் ராமிபிரிலும், ராத்திரிக்கு அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. கடைசி மாத்திரைதான் நம் கதாநாயகன்: ஸ்டாடின் என்ற வகையைச் சேர்ந்த கொழுப்பு மாத்திரை. மாரடைப்பு வந்தவருக்கு ஆரம்பத்திலேயே அதிக அளவில் ஸ்டாடின் கொடுப்பது சரியான வழக்கம்தான். ஆறு வாரத்தில் எல்.டி.எல். 68-க்கு இறங்கியது. அப்போது அவருக்கு ஒரு வலியும் இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

முதல் வலி

டிசம்பரில் எங்கள் ஊர்ப் பனி எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அவருக்கு இருமல், நெஞ்சுச் சளி, காய்ச்சல். டவுனில் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. காலையும் இரவும் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதய மாத்திரைச் சீட்டை அவர் கொண்டுபோகவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் தொடை பிடித்தது. எட்டாம் நாள் என்னிடம் வந்தபோது, மனைவி தோளில் கை போட்டுத்தான் படி ஏறினார்.

"தொடையில அம்மிக்கல்லக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும்மா. உக்காந்தா எந்திரிக்க முடியல."

நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை. இரண்டு தொடையும் ஒரே மாதிரி, அழுத்தினால் வலி. மூட்டில் வீக்கம் இல்லை, முதுகில் இருந்து இறங்கும் வலியும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக, தொடையும் இடுப்பும் தோளும் போன்ற பெரிய தசைகளில் வலித்துப் பலமும் குறைந்தால் ஸ்டாடினை நினைக்க வேண்டும். ஒரு முழங்கால் மட்டும், ஒரு குதிகால் மட்டும் என்றால் பெரும்பாலும் அது வேறு கதை.

சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போகிறதா என்று கேட்டேன். இல்லை, மஞ்சள்தான் என்றார். சி.பி.கே. பார்க்க ரத்தம் அனுப்பினேன். தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி அது. அந்த லேபில் மேல் வரம்பு 190. இவருக்கு 2,860. பதினைந்து மடங்கு. கிரியாட்டினின் 1.1, சிறுநீரகம் தப்பித்திருந்தது.

நடந்தது இதுதான். அட்டோர்வாஸ்டாடினை உடைத்து வெளியே அனுப்ப, குடலிலும் கல்லீரலிலும் சைட்டோகுரோம் 3ஏ4 என்ற நொதி இருக்கிறது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை அடைத்துவிடும். மடையை அடைத்தால் வாய்க்கால் நிரம்புவது போல, தினமும் போடும் 80 மி.கி. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடலாம். அதனால்தான் கிளாரித்ரோமைசின் கொடுக்கும்போது அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அல்லது அந்த ஏழு நாளும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வந்திருக்காது. படைக்கும் தேமலுக்கும் இப்போது தாராளமாகக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல் மாத்திரையும் இதே நொதியை அடைப்பதுதான். பம்ப்ளிமாஸ் பழத்துக்கும் அந்தக் குணம் உண்டு. நம் மலை ஆரஞ்சைக் குறித்துப் பயம் வேண்டாம், அதை நிறையப் பேர் கேட்கிறார்கள்.

அட்டோர்வாஸ்டாடினை அன்றே நிறுத்தினேன். ஆன்டிபயாடிக் முந்தின நாளே முடிந்திருந்தது. இரண்டு இரவு படுக்கையில் வைத்து சலைன் ஏற்றினார்கள். நான்காம் நாள் சி.பி.கே. 740. பதினான்காம் நாள் 168. வலி போய்விட்டது, தானாகவே எழுந்து உட்கார்ந்தார்.

அன்று அவரை அனுப்பும்போது நான் சொன்ன வாக்கியம்: "இந்த மாத்திரை உங்களுக்கு ஆகலண்ணே, இனிமே இது வேண்டாம்."

இரண்டு வாரம் கழித்து வாருங்கள், வேறு ஒன்று தருகிறேன் என்றும் சொன்னேன். ஆனால் அது அவர் காதில் ஏறவில்லை. அன்று வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள் என்பது காரணமாகாது. நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "இந்த மாத்திரையும் அந்தச் சளி மாத்திரையும் சேர்ந்ததுதான் ஆகல. தனியா இது உங்களுக்கு நாலு மாசம் ஒத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு." அதைச் சொல்லாததால், கொழுப்பு மாத்திரை என்றாலே தசையைத் தின்னும் என்பது அவர் மனதில் கல்வெட்டாகிவிட்டது. இரண்டு வாரத்தில் வரச் சொன்னவர் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தார்.

மலைப்பூண்டு

2024 ஏப்ரலில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று வந்தார். கையில் இரண்டு இடத்தில் கன்றிப்போன தழும்பு. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. சரி, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்கினார். மனைவிதான் சொன்னார்: "டெய்லி பன்னெண்டு பல்லு பூண்டு, டாக்டரம்மா. ஆறு பச்சையா, ஆறு பால்ல."

எங்கள் மலைப்பூண்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுவடையான பூண்டைத் தழையோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். புகை ஏற ஏறத் தோல் பழுப்பேறி, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். விதைக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். காரமும் வாசமும் சமவெளிப் பூண்டில் வராது. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி சந்தையில் மலைப்பூண்டு என்றால் தனி விலை. தாத்தா காலத்தில் இருந்து இதையே விளைவித்து, இதையே மருந்தாகவும் பார்த்து வளர்ந்த மனிதர் அவர்.

"நம்ம மண்ணுல விளையுற பூண்டுக்கு இல்லாத சக்தி அந்த மாத்திரைக்கு வந்துருமாம்மா? நெட்டுலயும் போட்ருக்கான், பூண்டு கொழுப்பக் கரைக்கும்னு."

நான் சிரிக்கவில்லை, சிரிக்கிற விஷயமும் இல்லை. பூண்டு கொழுப்பைக் குறைக்குமா என்பதை விஞ்ஞானிகளே மெனக்கெட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எல்.டி.எல். ஓரளவு கூடியிருந்த 192 பேருக்கு ஆறு மாதம், வாரத்தில் ஆறு நாள் பூண்டு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டையே சாண்ட்விச்சில் வைத்துக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பிரிவுக்குக் கடையில் விற்கும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 2007-இல் முடிவு வெளியானது. எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். அசையவில்லை. 2022-இல் இன்னொரு ஆய்வு: 190 பேர், 28 நாள். ரோசுவாஸ்டாடின் 5 மி.கி. ஒரு பக்கம், மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி இன்னொரு பக்கம். ஸ்டாடின் எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "அது நம்ம மலைப்பூண்டா?"

இல்லைதான். அதனால் அவருடைய ரத்தத்தையே கேட்கலாம் என்றேன். நான்கு மாதம் மலைப்பூண்டு, தினமும் பன்னிரண்டு பல், வேறு கொழுப்பு மருந்து எதுவும் இல்லை. இதைவிட நல்ல பரிசோதனை எங்கே கிடைக்கும்? ரிப்போர்ட் வந்தது: எல்.டி.எல். 151. மாரடைப்பு வந்த அன்று 158. காகிதத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோகமாகத்தான் இருந்தது.

ஈறு ரத்தத்துக்குப் பூண்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூண்டுக்கும் ரத்தத் தட்டணுக்களைக் கொஞ்சம் தடுக்கும் குணம் உண்டு. இரண்டு உறைவுத் தடுப்பு மாத்திரையோடு பச்சைப் பூண்டைக் கைப்பிடி அளவு சாப்பிடுவது நல்லதல்ல. குழம்பிலும் ரசத்திலும் எப்போதும் போல் போடுங்கள், மருந்து அளவில் வேண்டாம் என்றேன். மூன்று வாரத்தில் ஈறு ரத்தம் நின்றது.

வேறு என்ன வழி

ஸ்டாடின் பெயரைச் சொன்னாலே முகம் இறுகியது. அதனால் முதலில் எசிடிமைப் 10 மி.கி. தொடங்கினேன். ஸ்டாடினைப் போல இது கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியில் கை வைப்பதில்லை. குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. வயிற்றோடு நிற்கிற மாத்திரை என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். தனியாக இது எல்.டி.எல்.-ஐ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மே நடுவில் 121. கணக்குப் பிசகவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு 55-க்குக் கீழே வேண்டும்.

மற்ற மாற்று வழிகளையும் அவரோடு உட்கார்ந்து பேசினேன். அவர் மகன் போனில் தேடி ஒரு பட்டியலே வைத்திருந்தான். அதில் முதலில் இருந்தது ஆன்லைனில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை, 'இயற்கையானது' என்ற பெயரோடு. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்டாடினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் இருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசியின் பூஞ்சையில் இருப்பது மோனகோலின் கே. 1987-இல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடினும் அதுவும் ஒரே பொருள். ஆக, ஸ்டாடின் வேண்டாம் என்று ஓடிப்போய், எவ்வளவு இருக்கிறது என்றே எழுதாத டப்பாவில் அதே ஸ்டாடினை வாங்குவதாகத்தான் முடியும். எண்டோ 2024 ஜூன் 5 அன்று காலமானார். நாங்கள் அவருடைய மருந்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய அதே மாதம்.

கோஎன்சைம் க்யூ10 மாத்திரை தசை வலியைத் தடுக்கும் என்பார்கள். ஆய்வுகளில் அது உறுதியாக நிற்கவில்லை, காசு செலவு. வெந்தயம், ஆளி விதை, ஓட்ஸ் எல்லாம் சாப்பாட்டின் பகுதியாக நல்லவை. எங்கள் ஊரில் விளையும் பட்டர் பீன்ஸை வாரத்தில் நான்கைந்து நாள் குழம்பில் சேர்க்கச் சொன்னேன். அதன் நார் கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும். பேக்கரி வகைகளையும் பன்றிக் கறி வறுவலையும் குறைக்கச் சொன்னேன். அவர் அதைச் செய்தார். ஆனால் சாப்பாட்டால் மட்டும் 150-ஐ 55 ஆக்க முடியாது.

தோலுக்கடியில் போடும் ஊசிகள் இருக்கின்றன: இரண்டு வாரத்துக்கு ஒன்று எவோலோகுமாப், தொடக்கத் தவணைகள் முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒன்று இன்கிளிசிரான். எல்.டி.எல்.-ஐப் பாதியாகக் குறைப்பவை, தசையைத் தொந்தரவு செய்யாதவை. ஒன்றரை ஏக்கர்காரர் சொந்தக் காசில் தாங்கக்கூடிய விலை இல்லை. அப்புறம் பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை. ஸ்டாடின் வேலை செய்யும் அதே பாதையில், அதற்கும் முன்னாலேயே தடுக்கிறது. கல்லீரலுக்குள் போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். விழிக்கவைக்கும் நொதி தசையில் கிடையாது. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாத ஏறக்குறைய 14,000 பேரிடம் நடந்து 2023-இல் வந்த ஆய்வில், இதய நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது. நல்ல மருந்து. ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும், அது கூடினால் மூட்டு வீங்கும். இவருக்கு ஏற்கெனவே 7.4. வலது கால் கட்டைவிரல் ஒரு தடவை வீங்கியதும் உண்டு. அதனால் அதைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.

என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டாடின்தான் முதல் மருந்து, மற்றவை துணை. பத்தாயிரம் பேருக்கு ஐந்து வருடம் முழு அளவு ஸ்டாடின் கொடுத்தால் என்ன ஆகும் என்று 2016-இல் லான்செட் இதழில் ஒரு கணக்கு வந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களில் ஆயிரம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அது போன்ற பெரிய நிகழ்வோ தவிர்க்கப்படும். இவருக்கு வந்தது போன்ற தசைநோய் ஐந்து பேருக்கு வரும். ஐம்பதில் இருந்து நூறு பேருக்குப் புதிதாகச் சர்க்கரை வரும். இந்தச் சர்க்கரை விஷயத்தை மறைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அந்த ஐந்து பேரில் ஒருவராக ஆகிவிட்டவரிடம் கணக்கு பேசுவது எளிதல்ல. அவருக்கு அது பத்தாயிரத்தில் ஐந்து அல்ல, முழுசாக ஒன்று.

இரண்டாம் வலி

மே நடுவில் ஒருவழியாக ரோசுவாஸ்டாடின் 5 மி.கி.க்குச் சம்மதித்தார். இது அந்த 3ஏ4 நொதியை நம்பி இருப்பதில்லை. நம் போன்ற ஆசிய உடம்பில் ரத்தத்தில் அளவு சற்றுக் கூடுதலாக ஏறும் என்பதால் ஐந்தில் தொடங்குவதுதான் முறை. ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் மாத்திரை. மறுநாள் காலை ஏழு மணிக்கு போன்.

"வந்திருச்சும்மா. அதே தொடை. அதே வலி."

பத்து மணி நேரத்தில் ஸ்டாடின் தசையைத் தாக்குவதில்லை. அதற்கு நாட்கள், வாரங்கள் வேண்டும். ஆனால் அதை போனில் சொன்னால் 'நீங்கள் கற்பனை செய்கிறீர்கள்' என்றுதான் கேட்கும். நேரில் வாருங்கள் என்றேன். ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டு வந்தார். கையை ஊன்றாமல் எழுந்தார், பலம் குறையவில்லை. சி.பி.கே. 176. தைராய்டு பார்த்தேன், தைராய்டு குறைந்தாலே கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாடினும் அதிகமாகப் படுத்தும். அது சரியாக இருந்தது. வைட்டமின் டி மட்டும் குறைவு, 17. அதற்குக் கொடுத்தேன்.

லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது, 2020-இல் முடிவு வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேர். ஒரு வருடத்துக்கான பாட்டில்கள் கொடுத்தார்கள். சிலவற்றில் ஸ்டாடின், சிலவற்றில் வெற்று மாத்திரை, சில காலி. எது எது என்று தெரியாமல் மாதம் ஒன்றாக எடுத்து, தினமும் தொந்தரவை எண்ணில் பதிந்தார்கள். காலி பாட்டில் மாதங்களில் தொந்தரவு குறைவு. ஸ்டாடின் மாதத்திலும் வெற்று மாத்திரை மாதத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்டாடினால் என்று நினைத்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி இருந்தது, மாத்திரை விழுங்குகிறோம் என்பதே அதைக் கொண்டுவந்தது.

என் கிளினிக்கில் வெற்று மாத்திரைக்கு வழியில்லை. ஆனால் எண்ணில் பதிவதற்கு வழி இருந்தது. மதுரையில் அவருக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் பேசினேன்; எசிடிமைபை நிறுத்தாமல் ஒரு மாதம் ஸ்டாடினை மட்டும் விடலாம் என்றார். அப்படியே திட்டம்: ஜூன் முழுக்க மாத்திரை, ஜூலையில் இல்லை, ஆகஸ்டில் மறுபடி. தினமும் ராத்திரி படுக்கும் முன் வலிக்குப் பூஜ்யத்தில் இருந்து பத்துக்குள் ஒரு எண். எழுதும் வேலை அவருடையதல்ல, அவர் மனைவியுடையது; அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிறுநீர் நிறம் மாறினாலோ, எழ முடியாமல் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு வர வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம் அக்கா ஒரு பையில் இருந்து காலண்டரை எடுத்து என் மேஜையில் விரித்தார். உரக்கடை கொடுத்த மாதக் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் பால் கணக்கு, காலை ஒன்று மாலை அரை. அதற்குக் கீழே நீல மையில் வலி எண். நான் கேட்காத ஒன்றையும் அவர் செய்திருந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் அன்றன்றைய வேலையையும் ஒரு சொல்லில் எழுதியிருந்தார்: எரு, மூட்டை, களை, மழை, சும்மா, கல்யாணம்.

மூன்று மாதத்தில் வலி ஆறோ அதற்கு மேலோ போன நாட்கள் ஒன்பது. ஏழு நாளில் அதே கட்டத்திலோ முந்தின கட்டத்திலோ 'எரு' அல்லது 'மூட்டை'. பூண்டு ஊன்றும் காலத்தில் கீழே ரோட்டில் இருந்து மேல் பாத்திவரை எரு மூட்டையைத் தலையில் வைத்து ஏற்றுகிறார், மாரடைப்பு வந்த மனிதர். அதைப் பற்றித் தனியாகச் சண்டை போட்டேன். இப்போது மட்டக்குதிரைதான் சுமக்கிறது. அந்த ஏழு நாளில் ஐந்து நாள் ஜூலையில், அவர் ஸ்டாடின் சாப்பிடாத மாதத்தில். ஜூலையின் சராசரி 3.6. மாத்திரை போட்ட ஜூனில் 3.1, ஆகஸ்டில் 2.2.

மீதி இரண்டு நாள்? ஜூன் 1, ஜூன் 2. மாத்திரை மறுபடி தொடங்கிய முதல் இரண்டு நாள். ஏழு, ஆறு என்று இருந்தது. பக்கத்தில் அக்கா எழுதியிருந்தது: 'சும்மா'.

அந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் பேசினார்.

"ஒரு தடவ காட்டுமாடு விரட்டுனவனுக்குப் புதர் அசைஞ்சாலே கால் ஆடும்மா. மாடு இருக்காது. ஆனா கால் ஆடுறது நெசம்."

இந்த விஷயத்தை இதைவிடச் சரியாக நான் எந்த மருத்துவப் புத்தகத்திலும் படித்ததில்லை. மருத்துவர்கள் இதற்கு நோசிபோ என்று பெயர் வைத்திருக்கிறோம். 'மனப்பிரமை' என்று மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். அவரை ஒரு தடவை உண்மையாகவே காட்டுமாடு விரட்டியிருக்கிறது. 2,860 என்ற எண் அதற்குச் சாட்சி. அப்புறம் நானும் என் ஒரு வாக்கியத்தால் மலை முழுக்க மாடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். டிசம்பரில் நான் சொன்னது தப்பு, இரண்டு மருந்து சேர்ந்ததுதான் அன்று காரணம் என்று அன்றுதான் அவரிடம் நேராகச் சொன்னேன். "அப்பவே சொல்லிருந்தா நாலு மாசம் பூண்ட வேஸ்ட் பண்ணிருக்க மாட்டேன்ல" என்றார். அவர் கோபப்பட்டிருந்தாலும் நியாயம்தான்.

இப்போது

ஆகஸ்ட் கடைசியில் எடுத்த எல்.டி.எல். 74. செப்டம்பரில் ரோசுவாஸ்டாடினை 10 மி.கி. ஆக்கினேன். முதல் வாரம் வலி எண் நான்குவரை போய்விட்டு இறங்கியது. இந்தத் தடவை அவர் போன் பண்ணவில்லை, காலண்டரில் மட்டும் இருந்தது. சி.பி.கே. 190-க்குள், கல்லீரல் நொதிகள் சரி, சர்க்கரையும் சரி. வருடம் முடிந்ததால் குளோபிடோக்ரல் நின்றுவிட்டது.

இன்னொன்றும் செய்தோம். அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பஸ் பாஸ் உறைக்குள் ஒரு அட்டை: என்னென்ன மாத்திரை, எவ்வளவு, கீழே சிவப்பு மையில், 'கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகோனசோல் கொடுக்கும் முன் இந்த எண்ணுக்குப் பேசவும்'. இப்போது ரோசுவாஸ்டாடின் சாப்பிடுவதால் அந்த ஆபத்து அவ்வளவு இல்லை. ஆனால் நாளைக்கு யாராவது மாத்திரையை மாற்றி எழுதலாம். ஸ்டாடின் சாப்பிடும் என் எல்லா நோயாளிகளுக்கும் இந்த அட்டையை எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

டிசம்பர் 2024-இல் எல்.டி.எல். 63. இலக்கு 55. ரோசுவாஸ்டாடினை 20 ஆக்கினால் இன்னும் ஆறு சதவீதம் போலத்தான் இறங்கும். அளவை இரட்டிப்பாக்கினாலும் அவ்வளவுதான் கிடைக்கும் என்பது ஸ்டாடின்களின் பொதுக் கணக்கு. பெம்பெடோயிக் அமிலம் சேர்த்தால் 55-க்குக் கீழே போய்விடலாம், ஆனால் கட்டைவிரல் வீங்கலாம். இரண்டையும் அவரிடம் விரித்துச் சொன்னேன். 20-ஐ முயற்சிக்கலாம் என்றுதான் நினைக்கிறார், ஆனால் இப்போது வேண்டாம். பூண்டு எடுக்கும் நேரத்தில் உடம்பு எப்படியும் வலிக்கும், எது எதனால் என்று அப்புறம் குழம்பிவிடும் என்றார். அதில் அர்த்தம் இருந்தது. மாசியில் பூண்டை எடுத்து, வடுகபட்டிக்கு அனுப்பிவிட்டு வருவதாக ஏற்பாடு. ரத்தம் எடுக்க மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை. புதுக் காலண்டர் இன்னும் வரவில்லை என்பதால், அக்கா அதைப் பழைய காலண்டரின் கடைசித் தாளில், டிசம்பர் பால் கணக்குக்குக் கீழே எழுதிக்கொண்டார்.